முகவரி பூஜ்ஜியம்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கணினி மாதிரியே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டர் ஒன்றில், கணினியைக் கிளப்பிவிடும் பூட் ஃபர்ம்வேரைத் துப்புரவு செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, என் கையாலேயே அதைப் படுக்க வைத்துவிட்டேன். அதுதான் தாமதம்.

நீ பிசியிலேயே காலந்தள்ளியவன். ஐபிஎம் ஆட்கள் பூட் என்று சொல்ல மாட்டார்கள், ஐபிஎல் (இனிஷியல் புரோகிராம் லோட்) என்பார்கள். கிரிக்கெட் இல்லை ஏல! 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360 காலத்து வழக்கம் இது: சாதனத்திலிருந்து 24 பைட்டைப் பூஜ்ஜியம் முகவரியில் இறக்குவது. முதல் 8 பைட், எங்கிருந்து ஓட வேண்டும் என்று சொல்லும் பிஎஸ்டபிள்யூ. மற்ற 16-ல், சாதனத்துக்கான சேனல் கட்டளைகள் இரண்டு. மிச்சத்தைப் படிக்கும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும். எவ்வளவு சிக்கனம் பார்.

துப்புரவில் பாதி சில்லறை வேலைதான். சி9டி7டி3எஃப்1 என்று மொட்டையாக நின்ற எண், ஐபிஎம்மின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் 'ஐபிஎல்1' என்கிற நாலு எழுத்து. அதற்கு ஒரு பெயர் வைத்தேன். அந்த உற்சாகத்தில், நினைவகத்தில் எங்கே எழுத வேண்டும் என்று காட்டும் ஒரு பாயிண்டருக்கு மதிப்பு வைக்கும் வரி இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று ஒன்றைத் தூக்கிவிட்டேன். அது வேறு பாதைக்கான வரி. பாயிண்டர் பூஜ்ஜியமாகவே நின்றது.

உன் லினக்ஸ் புரோகிராம் என்றால் அங்கேயே செத்து விழும். இங்கே பூஜ்ஜியமும் நல்ல முகவரிதான். அதுவும், சாதனம் ஏதாவது குறுக்கே கூப்பிடும் இன்டரப்ட் வந்தால் எங்கே போவது என்று குறித்து வைத்திருக்கும் இடம். டிஸ்க்கிலிருந்து படித்த 512 பைட் செக்டர் ஒன்று அதன் மேலேயே போய் உட்கார்ந்தது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை. அடுத்த இன்டரப்டில் ஆள் காணாமல் போனார்.

மூன்று ராத்திரி டிஸ்க் இமேஜைத் திட்டினேன். கடைசியில் பிழை தேடும் கருவியான ஜிடிபியில் பார்த்தால், ஓட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத 21930 என்கிற முகவரிக்குத் தாவியிருக்கிறது. அதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 55ஏஏ! நீ தினமும் பார்க்கிற எம்பிஆர், அதாவது டிஸ்க்கின் முதல் செக்டர், கடைசியில் போடும் கையெழுத்தேதான். சாதனங்களிடமிருந்து வரும் ஐ/ஓ இன்டரப்டுக்கான பிஎஸ்டபிள்யூ (இன்றைய மெயின்ஃபிரேமில் அது 16 பைட்) இருப்பது 496 முதல் 511 வரை. செக்டரின் வாலும் அங்கேதான் வந்து விழுகிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வரியைத் திரும்பப் போட்டாயிற்று. பாயிண்டர் பூஜ்ஜியமாக இருந்தால் அங்கேயே நிற்கும்படி ஒரு சோதனையும் சேர்த்தேன்.

அப்புறம், ஆனித் தேருக்கு வருகிறாயா? சாரல் தொடங்கிவிட்டது. தேர் முடிந்து குற்றாலம் போகலாம். என் திருத்தங்கள் அடங்கிய பேட்சை இத்துடன் அனுப்புகிறேன். நான் சேர்த்ததை விடு, நீக்கிய வரிகளை மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்.

அன்புடன்,
முத்து