கியூவின் மூட்டைக் கவனி, பிள்ளை

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

ஸ்னூக்கர் பந்தை அடிக்கும்போது, இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற உன் கியூவுக்குள், அந்த அடிகோலுக்குள், 'டிக்' என்று சத்தம் வருகிறது, எவ்வளவு இறுக்கினாலும் போகவில்லை என்று சொன்னாய். முதலில் இறுக்குவதை நிற்பாட்டு. மூட்டின் பலம் இரண்டு துண்டும் சந்திக்கிற முகங்கள் ஒன்றில் ஒன்று முழுதாகப் படிவதில்தான் இருக்கிறது. மரை அவற்றை இழுத்துச் சேர்த்து வைத்திருக்க மட்டுந்தான். இடையில் சின்னத் தூசி இருந்தாலும் முகம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். இறுக்கி அதைச் சரிப்படுத்தப் பார்த்தால், மரத்துக்குள் பசை வைத்து ஒட்டிய பித்தளை பசை விட்டுக் கழன்றுவிடும். பிறகு அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

சத்தம் மூட்டிலிருந்துதான் வருகிறதா என்றும் பார். கியூவைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் தனியாகத் தளர்வாகப் பிடித்து உள்ளங்கையால் தட்டு. பின்துண்டு தனியாகவே சத்தம் போட்டால், கியூவை நீளமாக்க அடியில் நீட்டுத்துண்டு பூட்டுகிற மரையோ உள்ளே இருக்கிற பாரமோ இளகியிருக்கும். மூட்டில் குற்றம் இல்லை. இரண்டு துண்டும் பேசாமல் இருந்து, பூட்டியபின் மட்டும் சத்தம் வந்தால் மூட்டைத் துப்புரவாக்கு.

பெரும்பாலும் அந்த அழுக்கு, கியூ நுனியில் பூசுகிற சோக்கின் தூள்தான். 1897 இல் ஸ்பிங்க்ஸ், ஹொஸ்கின்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர் காப்புரிமை எடுத்த சோக்கில் சிலிக்காவும் அலுமினியம் ஒக்சைட்டும் இருந்தன. இன்றைக்கும் பல சோக்குகளில் அவை உண்டு. இரண்டும் எமரிக் கடதாசி, மணல் கடதாசி போன்றவற்றில் ஒட்டுகிற வகைச் சரக்கு. கைவியர்வையோடு சேர்ந்து மரைக்குள் போனால், பூட்டிக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் பித்தளையை அராவும். ஆகவே ஈரம் படமுதல் உலர்ந்த தூளை எடுக்கவேண்டும்.

மரை ஆணியைக் கீழ்நோக்கிப் பிடித்து, மெதுவான பழைய பல்பிரஷால் மரையின் போக்கிலேயே சுற்றித் தேய். தூள் தானே கீழே விழும். குழி உள்ள துண்டையும் வாய் கீழே இருக்கப் பிடித்து, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை உலர்ந்தபடி விட்டுச் சுழற்றி எடு. அதற்குப் பிறகுதான் ஸ்பிரிட். லண்டனில் பாமசிக்காரர் தருகிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், காய்ந்தபின் ஒரு படலம் மிஞ்சும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் என்று கேட்டு வாங்கு. குச்சி ஈரம் பிடித்தால் போதும், சொட்டக்கூடாது. வெளிப்பக்கத்து வார்னிஷில் பட்டால் மங்கிப்போகும். குச்சி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடை. கடைசியில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து இரண்டு முகங்களையும் வடிவாகப் பார். மரையின் விளிம்பில் மாட்டிய ஒரு பஞ்சு இழை போதும், பழைய சத்தம் திரும்பி வர. பத்து நிமிடம் திறந்தபடி காயவிட்டுப் பூட்டு.

மரை ஆணியின் அடியில், பித்தளை மரத்தைத் தொடுகிற இடத்தில், மெல்லிய பச்சை வளையம் தெரிந்தால் அது களிம்பு. வியர்வையும் ஈரமும் தங்கியதன் அடையாளம். இங்கே என்றால் ஈர்க்கு, அங்கே பல்லுக்குத்தும் குச்சி: நுனியால் சுற்றிச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்துவிடு. ஊசியோ கத்தியோ வேண்டாம். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் தேசிக்காயும் இதற்கு ஆகாது, புளிப்பும் தண்ணீரும் மர நரம்புக்குள் இறங்கிவிடும். பித்தளை மினுக்கும் திரவத்தையும் தொடாதே. பல வகைகளில் அமோனியாவும் நுண்ணிய தூளும் இருக்கும், மரைக்குள் போனால் முழுதாக எடுக்க ஏலாது. மூட்டு மினுங்கத் தேவையில்லை, துப்புரவாக இருந்தால் போதும்.

எண்ணெய் விடலாமா என்று கேட்பாய். விடாதே, தேங்காயெண்ணெயும் வேண்டாம், தையல் மெசின் எண்ணெயும் வேண்டாம். வெட்டுமுக மரம் எண்ணெயைக் குடிக்கும், தூளும் அதில் ஒட்டும். மரை வறண்டு கிறீச்சிட்டால் வெள்ளை மெழுகுதிரியை ஒரு பக்கமாக ஒரு இழுவை இழுத்து, மூன்று நான்கு தரம் பூட்டிக் கழற்றி, முகத்தில் பிதுங்கிய மெழுகைத் துடைத்துவிடு.

முகத்தில் எமரிக் கடதாசி போடுவதைத்தான் நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன். அந்த முகம் மரை ஆணிக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்கும்படி கடைசலில் செதுக்கியது. கையால் தேய்த்தால் ஒரு ஓரம் தாழும். பூட்டியபின் மேசையில் உருட்டினால் நடுவில் எழும்பி எழும்பி ஓடும்.

மார்கழியில் வரும்போது கியூவையும் கொண்டுவருவாய் என்றபடியால் இதையும் சொல்கிறேன். ஹீற்றர் போட்ட அறையின் வறட்சியிலிருந்து இங்கத்தை மாரி ஈரத்துக்கு வந்தால் மரம் குறுக்காக ஊதும், பித்தளை ஊதாது. மூட்டோரத்தில் நகத்துக்கு ஒரு படி தட்டுப்பட்டால் பயப்படாதே, திரும்பிப் போனபின் அனேகமாகத் தணிந்துவிடும். மூட்டு இறுகிக் கழலாவிட்டால் குறடு பிடிக்காதே. பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு துண்டு வெட்டி, மூட்டுக்கு இரண்டு பக்கமும் கிட்டக் கிட்டச் சுற்றிப் பிடித்துத் திருகு. நுனியில் பிடித்துத் திருகினால் மெல்லிய பக்கம் முறுகும். அப்படியும் வராவிட்டால் ஃபான் காற்றுள்ள அறையில் ஒரு நாள், இரண்டு நாள் வை. வெயிலில் வைக்காதே, வான் வண்டிக்குள்ளும் விடாதே.

விளையாடி முடிந்ததும் மூட்டைத் துடைத்துவிட்டே மூடியைப் போடு. ஈரத்தோடு மூடினால் உப்புக்காற்றுக்குத் திறந்து வைப்பதைவிட மோசம். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டு, அவ்வப்போது மாற்று.

மரை ஆணியை விரலால் அசைக்கும்போது ஆடினால், அல்லது மூட்டிலிருந்து மரத்தின் நீளத்துக்கு முடிபோல ஒரு கீறல் தெரிந்தால், அன்றோடு விளையாடுவதை நிற்பாட்டி, கியூ திருத்துகிறவரிடம் கொடு. சுப்பர் குளூ விட்டுப் பார்க்காதே. அது மரைக்குள் ஓடி, ஆணியைச் சரிந்த நிலையிலேயே பிடித்துவிடும். திருத்துகிறவர் பிறகு அதைத் துளைத்துத்தான் எடுக்கவேண்டி வரும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா