கணக்கில் வராத நாலு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் வறுமை குறைந்துவருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, அதாவது செலவை வைத்து அல்லாமல் வாழ்க்கை வசதிகளை வைத்து ஏழைகளை எண்ணும் கணக்கின்படி, 2015-16ல் மக்களில் 4.76 சதவீதமாக இருந்த ஏழைகள் 2019-21ல் 2.20 சதவீதமாகக் குறைந்திருக்கிறார்கள். உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய விஷயம். மாதச் செலவை மட்டும் வைத்து ஏழைகளை எண்ணிய பழைய டெண்டுல்கர் குழு முறையில் 2011-12ல் நகரவாசி ஒருவர் மாதம் ஆயிரம் ரூபாய் செலவழித்தாலே ஏழைப் பட்டியலில் வரமாட்டார். அதோடு ஒப்பிட்டால் சத்துணவு, படிப்பு, கழிப்பறை, குடிநீர், வீடு என்று 12 விஷயங்களை விசாரிப்பது எவ்வளவோ மேல்.

ஆனாலும் எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்தால் மனம் ஆறவில்லை. முன்பு அவர் குடியிருந்தது ஆற்றோரக் குடிசையில். பத்து நிமிட நடை. காலையில் இரண்டு வீடு முடித்துவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, மறுபடி வருவார். இப்போது நகரத்துக்கு வெளியே, குடிசைக்கு மாற்றாக அரசு கொடுத்த அடுக்குமாடியில் ஆறாவது மாடி. கழிப்பறை, கரண்ட், கேஸ் எல்லாம் உண்டு. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். கணக்கெடுக்க வருபவர் இந்த வீட்டை ஏழை வீடு என்று எழுத வழியே இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி ஏழு மணிக்கு வந்து சேருகிறார். திரும்பவும் அதே இரண்டு மணி நேரம். "டிக்கெட்டு ஃப்ரீதான்மா, பொழுதுதான் போயிடுது" என்றார் ஒருநாள். நாலு வீட்டில் இரண்டை விட்டுவிட்டார். மீதி இரண்டு வீட்டிலும் சம்பளத்தைக் கூட்டியதால் வருமானம் அதிகம் குறையவில்லை. எட்டாவது படிக்கும் மகள்தான் தம்பிக்குத் தலைவாரி, கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மகளிடமிருந்து போன். தம்பிக்குக் காய்ச்சல், கண் சொருகுகிறது. சோப்பு நுரையோடு போனைப் பிடித்தபடி, யாரைக் கூப்பிடச் சொல்வதென்று தெரியாமல் நின்றார். பழைய இடத்தில் என்றால் பக்கத்து வீட்டு அக்காவே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார். அவசரத்துக்குக் கைமாத்துத் தரவும், மளிகைக்கடையில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி போடவும் அங்கே ஆள் இருந்தது. அந்த மனிதர்கள் இப்போது ஆளுக்கொரு பிளாக்கில் இருக்கிறார்கள். இங்கே கடன் வேண்டுமென்றால் வட்டிக்காரர்தான். பையன் பிழைத்துக்கொண்டான், அன்று ஆட்டோவுக்காக வாங்கிய கடனை ஒரு மாதமாக அடைத்துக்கொண்டிருக்கிறார்.

2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் அவர். குடிசைக்குத் திரும்ப அவருக்கும் ஆசையில்லை. வேலைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்திருக்கக் கூடாதா என்பதுதான் அவர் கேட்பது. புதிதாகக் குடியிருப்பு கட்டும்போது முதலில் இந்தத் தூரத்தை அளக்க வேண்டும். ஏற்கெனவே குடியேறியவர்களுக்கு, தாய்மார் கிளம்பும் நேரத்திலேயே பிள்ளைகளை விட ஒரு காப்பகமாவது வேண்டும். வேலைக்குப் போய்வர எத்தனை மணி நேரம், ராத்திரியில் பிள்ளைக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கணக்கெடுப்புத் தாளில் சேர்க்கும்படி தங்கள் இதழ் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை.