உறுதிமொழியைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது, ஐயா

மாவட்டத் தொழுநோய் ஒழிப்புப் பிரிவின் பொறுப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

ஜனவரி 30 அன்று நடந்த தொழுநோய் எதிர்ப்பு நாள் கூட்டத்தில் என் அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினீர்கள். எல்லோரும் எழுந்து உறுதிமொழி எடுத்தோம். அவரும் எழுந்து நின்றார். அவருடைய வலது காலில் கட்டு இருந்தது மேடையிலிருந்து தெரிந்திருக்காது.

உணர்வற்ற பாதத்துக்கென்று மென்மையான நுண்துளை ரப்பரில் செய்யும் அவருடைய எம்.சி.ஆர். செருப்புக்கு ஆடி மாதமே அளவெடுத்தாயிற்று. நான்கு முறை போய்க் கேட்டோம். "சரக்கு வரட்டும்" என்றார்கள். ஐப்பசியில் பழைய செருப்பின் வார் அறுந்தது. தெருமுனையில் செருப்புத் தைப்பவர் நல்ல மனிதர். விவரம் தெரியாமல் இரண்டு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டார். அந்தச் செருப்பில் ஆணியே கூடாது என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்பா அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார், பஸ் ஏறி வங்கிக்கும் போய்வந்தார். மாலையில் கூடத்துத் தரையில் வரிசையாகச் சிவப்புத் தடங்கள். "யாரம்மா குங்குமத்தைக் கொட்டியது?" என்று என் மனைவியிடம் கேட்டதே அப்பாதான்.

மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. அளவெடுத்த செருப்பைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அப்பாவுக்கு நோய் கண்டது அறுபதுகளில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில். வைத்தியம் நடந்தது புளியமரத்தடியில். 1955இல் பெல்ஜியத்து டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் பொலம்பாக்கத்துக்குக் கொண்டுவந்த முறை அது. நோயாளியை விடுதியில் அடைக்காமல், குறித்த கிழமையில் சாலையோர மரத்தடிக்கு மருத்துவரே போவார். காங்கோவில் அவர் செய்து பார்த்தது. உடன் பணியாற்றிய டாக்டர் கிளேர் வெல்லூட் இந்தியக் குடியுரிமையே பெற்றார். அந்தப் பணியிலிருந்து வளர்ந்து, பிறகு அதைத் தாங்கியும் நின்றது டேமியன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம். கூட்டு மருந்து வராத காலம். டாப்சோன் ஒன்றைத்தான் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். ஜீப் வரும் கிழமையை வைத்துத்தான் தன் வாரமே ஓடியது என்பார் அப்பா. கடல் கடந்து வந்தவர்களால் மரத்தடி வரை வர முடிந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு ஜோடி செருப்பால் வர முடியவில்லை.

வேலூரில் டாக்டர் பால் பிராண்டு கண்டு சொன்னதும் இதைத்தானே? விரலையும் பாதத்தையும் தின்பது கிருமி அல்ல, வலி தெரியாமல் போவதுதான் என்றார். அப்படியானால் மருந்து முடிந்தவருக்குச் செருப்புதான் மருந்து. மருந்துக்கு ஆறு மாதம் காக்க வைப்பீர்களா?

2005 டிசம்பர் நிலவரப்படி, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில், நாட்டில் தொழுநோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். சந்தோஷம். அந்தக் கணக்கில் அப்பா எப்போதோ குணமானவர். அவருடைய பாதத்துக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை. ஆண்டுதோறும் கூட்டத்துக்குப் புதுப் பேனர் வருகிறது. பேனருக்கு மட்டும் சரக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. அந்தத் துணியைக் காலில் சுற்றிக்கொள்ளலாம் என்றால், அச்சடித்த பிளாஸ்டிக் வழுக்கும்.

கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது, மன்னிக்க வேண்டுகிறேன். உங்கள் அலுவலகத்தில் ஆள் குறைவு என்பதும் தெரியும். அளவெடுத்த செருப்பைக் கொடுங்கள். அதோடு, மாதத்தில் ஒரு நாள் குறித்து, அளவெடுப்பதையும் செருப்பு தருவதையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள். எங்கள் பகுதியில் அப்பாவைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி உங்களிடம் வந்து திரும்பும் நடையிலேயே அவர்களுக்குப் புது வெடிப்பு வந்துவிடுகிறது.

அப்பாவின் அளவு உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. வலது காலில் கட்டு இருப்பதால் இப்போது சற்றுக் கூடியிருக்கும். மறுபடி அளவெடுக்க ஆள் அனுப்புவதானால் செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம். அன்றைக்குக் கட்டு மாற்றப் போயிருப்போம்.

பணிவுடன்,
முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் மகன்