கோவைத் தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: பள்ளியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது

கோவை மாவட்டச் சிறு, குறுந்தொழில் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அதே ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் அடிப்படை இயந்திரவியலும் மின்பொறியியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 1978-இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்துவிட்டது. ஆனாலும் பாடம் நடத்துகிற ஆசிரியரும், உங்கள் பட்டறையில் ஆள் எடுக்கிற சூப்பர்வைசரும் உட்கார்ந்து பேச ஓர் இடம் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்பீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) முதலில் எதைப் பழக்குவது என்று அங்கே பேச முடியாது. அதற்குத் தனியாக ஒரு தொழில் ஆலோசனைக் குழு வேண்டும். அதை அமைக்கச் சொல்லி முதன்மைக் கல்வி அலுவலரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.

குழுவுக்குச் சங்கத் தலைவர்களை மட்டும் அனுப்பாதீர்கள். பொன்னாடை, போட்டோ, நன்கொடை அறிவிப்பு என்று கூட்டம் முடிந்துவிடும். நாலைந்து பேரை வைத்து ஜாப் ஆர்டர் (பிறர் தரும் வேலையைக் கூலிக்கு முடித்துத் தருவது) செய்பவர், மோட்டார் வைண்டிங் கடைக்காரர், அந்தப் பள்ளியில் படித்து இன்று வேலையில் இருக்கும் பெண் என்று வரட்டும். தொழிலாளி ஒருவரும் கட்டாயம் வேண்டும். ஜெர்மனியில் தொழிற்பயிற்சித் தேர்வுக் குழுக்களில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆசிரியர் ஒருவராவது உண்டு. மெஷின் முன் நிற்பவருக்குத் தெரிவது அலுவலக அறையில் இருப்பவருக்குத் தெரியாது என்று அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பாடத்திட்டம் சென்னையில் முடிவாகிறது, அதை நீங்கள் மாற்ற முடியாது. சரி. செய்முறை வகுப்பை மாற்றலாமே? வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு முதல் வாரத்தில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். டிராயிங் பார்த்து அளவைப் புரிந்துகொள்வதா, மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) பிடிப்பதா? பள்ளியில் எந்தக் கருவி ஓடுகிறது, எது துருப்பிடித்துக் கிடக்கிறது என்று நேரில் பாருங்கள். மே விடுமுறையில் ஆசிரியர் சில நாள் உங்கள் சிஎன்சி (கணினி வழி இயங்கும்) இயந்திரத்தின் பக்கம் நின்று கற்றுக்கொள்ள இடம் கொடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி. ஓர் ஆசிரியர் கற்றுக்கொண்டால் அடுத்தடுத்து வரும் வகுப்புகளுக்கெல்லாம் அது போய்ச் சேரும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். பயிற்சி என்ற பெயரில் ஃபவுண்டரி உலைப் பக்கமோ பிரஸ் மெஷினிலோ நிறுத்தக் கூடாது. கூலியில்லா ஆளாகவும் நினைக்கக் கூடாது. யார் எங்கே நிற்கலாம், யார் பொறுப்பு என்பதைக் குழு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

பயிற்சிக்கு வந்த பிள்ளை உங்களிடம் சேராமல் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் வருத்தப்படாதீர்கள். அதுவும் இந்தக் குழுவுக்குக் கிடைத்த வெற்றிதான்.

பருவத்துக்கு ஒரு கூட்டம் போதும். ஒவ்வொரு கூட்டத்திலும் போன தடவை சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை முதலில் படியுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஒவ்வொரு சங்கமும் அருகிலுள்ள ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, குழுவுக்கு வருகிறவர்களின் பெயர்களைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு தொழிற்கல்வி ஆசிரியர்