ஊருக்குத் திரும்பி வரும் நண்பனுக்கு

தக்கலை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் குடியிருக்க ஒரு வீடு பார்த்துச் சொல் என்று நீ கேட்டிருப்பது வீட்டுக்குள் இருந்தபடியே யோசித்துச் சொல்லிவிடக்கூடிய காரியம் இல்லை. அதனால் மழை விட்ட நேரங்களில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுற்றினேன், ரயிலில் கூட வருகிறவர்களிடம் கேட்டேன், அப்புறம்தான் எழுதுகிறேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் சென்னையில் கிடந்துவிட்டு நீ திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வருகிறாய், உன் மனைவி, எனக்குத் தங்கச்சி, அவளுக்கும் பேங்கில் நாகர்கோவிலே கிடைத்துவிட்டது என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்க வீட்டில் உடனே, "இனி கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பார்க்க வேண்டாம்லா" என்றாள். அம்மாவும் உங்களோடு வருகிறார்கள் என்பது எல்லாவற்றுக்கும் மேலே.

சரி, வீட்டு விஷயம். பேச்சிப்பாறைப் பக்கம், மரங்களுக்கு நடுவில், பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காத இடமாகப் பார் என்று எழுதியிருந்தாய். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. குலசேகரம் தாண்டினாலே காற்று மாறிவிடும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ரோடு வளைந்து ஏறும். 1906-இல் கட்டி முடித்த அணை, அதன் பின்னால் மலை, மலைமேல் மேகம். ஞாயிற்றுக்கிழமை போய்வருகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் உனக்குத் திங்கட்கிழமை காலை என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து குலசேகரம், திருவட்டாறு, ஆற்றூர் என்று இறங்கி, மார்த்தாண்டத்து நெரிசலைக் கடந்து, குழித்துறை ஸ்டேஷனில் ரயில் பிடிக்க வேண்டும். தங்கச்சி அதே நேரத்தில் வேறு திசையில் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடம் எந்தத் திசையில் அமையுமோ தெரியாது.

ரப்பர் தோட்டத்து வீடும் படத்தில் பார்ப்பதுபோல இருக்காது. வெயில் ஏறும் முன்பே பால்வெட்டுக்கு ஆள் வந்துவிடும், அது ஒரு அழகுதான். ஆனால் மழைக்காலத்தில் அந்த மரத்தடியில் வெயில் விழாது. துணி காயாது, அலமாரிக்குள் வைத்த சட்டையில் பூஞ்சை பிடிக்கும், உறைந்த ரப்பர்பாலான ஒட்டுப்பால் வாடை வீட்டுக்குள்ளேயே சுற்றும். நாலரை ஐந்து மணிக்கே அந்தி ஆனதுபோல இருட்டிவிடும். என்னோடு ரயிலில் வரும் ஒருவர் அப்படித்தான் ஆசை ஆசையாக மலையோரத்தில் வீடு கட்டினார். அவர் காலையில் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். அந்த வீட்டில் பகல் முழுக்க இருந்தது அவருடைய மனைவியும் மாமியாரும்தான். ஒரு வெளிவேலைக்கும் ஆட்டோ கூப்பிட வேண்டும், கூப்பிட்டாலும் மழை என்றால் வராது. இப்போது மார்த்தாண்டத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மலையோர வீட்டுக்கு விடுமுறைக்குப் போய் வருகிறார்கள்.

நான் சொல்ல நினைப்பது அதைத்தான் மக்கா. அந்த வீட்டில் நீ இருக்கப் போவது இரவும் ஞாயிற்றுக்கிழமையும்தான். பகலில் அங்கே இருக்கப் போவது அம்மா. காலை பத்து மணிக்கு மேல் அம்மா வாசலுக்கு வந்தால் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கி வருவார்கள்? பிள்ளை பள்ளி விட்டு வந்து ட்யூஷனுக்குத் தனியாகப் போக முடியுமா? இதற்கெல்லாம் பதில் இருக்கிற இடமாக முதலில் பார்ப்போம். உன் ரயில் அதற்கு அடுத்தபடி. மலை காட்சி மூன்றாவதாக வரட்டும், வராமல் போகாது.

ஏன் வராமல் போகாது என்கிறேன் தெரியுமா? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பச்சையைத் தேடி ஊரைவிட்டு விலகிப் போக வேண்டியதே இல்லை. 1,672 சதுர கிலோமீட்டர்தான் மொத்த மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர், நெருக்கத்தில் சென்னைக்கு அடுத்த இடம். சொன்னால் வெளியூர்க்காரன் நம்புவானா? ஊரும் விளை என்கிற தோட்டமும் குளமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் வாழைத்தோட்டம், அப்புறம் தென்னை, அப்புறம் ஏலா என்கிற வயல்வெளி. நாலு வீடு, ஒரு குளம், மறுபடியும் மரச்சீனிக் கிழங்கு விளை. தனியாகப் போய் உட்கார்ந்தால்தான் கிராமம் என்பது மற்ற மாவட்டத்துக் கணக்கு.

இனி உன் பயணம். நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து திருவனந்தபுரம் ரயிலில் 71 கிலோமீட்டர். இந்தப் பாதை வந்தது 1979-இல். நம் பெரியவர்கள் எல்லாம் பஸ்ஸில்தானே போய்வந்தார்கள். எக்ஸ்பிரஸ் என்றால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடும். பாசஞ்சர் என்றால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள். இரட்டைப் பாதை வேலை முழுசாக முடிகிறவரை எதிர்வண்டிக்காக எங்காவது நிறுத்திப் போடுவார்கள், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள். உன் ஆபீஸ் தம்பானூர் பக்கம் என்பதால் இறங்கி நடந்தே போய்விடலாம், அது பெரிய அதிர்ஷ்டம். மாத சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு பஸ்ஸைவிட மிகக் குறைவு.

பஸ்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2018-இல் பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் வந்தது உண்மை. ஆனாலும் தக்கலை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு கடைத்தெருவையும் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். கல்லும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிக்குப் பின்னால் மாட்டினால் அவ்வளவுதான். காரில் தினமும் போகலாம் என்று நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடு. ரயிலில் தூங்கலாம், படிக்கலாம், பேசலாம். எங்கள் பெட்டியில் ஒரு கூட்டமே இருக்கிறது. ஒருவர் வராவிட்டால் போன் போட்டு விசாரிக்கிற கூட்டம். உனக்கும் அதில் ஓர் இடம் பிடித்து வைப்பேன்.

ஆகவே ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதை விடக்கூடாது. நாகர்கோவிலிலிருந்து அந்தப் பக்கம் போனால் வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி, குழித்துறை, குழித்துறை மேற்கு. இதில் இரணியலிலும் குழித்துறையிலும்தான் எக்ஸ்பிரஸ்கள் பலவும் நிற்கும். மற்றவை பாசஞ்சர் ஸ்டேஷன்கள். பள்ளியாடி அமைதியான இடம், ஆனால் ஒரு பாசஞ்சரைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். வீடு பார்க்கும்போது ஸ்டேஷனிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்காதே. சாயங்காலம் வண்டி ஒரு மணி நேரம் லேட், மழை கொட்டுகிறது, கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் வீடு போய்ச் சேர வழி உண்டா என்று கேள். போன வாரம் ஒரு நாள் இரணியலில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் குடை விரிக்க இடமில்லாமல் எல்லோரும் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றோம். பக்கத்தில் வீடு உள்ளவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நனைந்தபடியே நடந்துவிட்டார்கள். பஸ் மாறிப் போக வேண்டியவர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தங்கச்சி எழுதியிருந்த பூதப்பாண்டிப் பக்கத்தையும் யோசித்தேன். வயலும் மலையும் அங்கே உள்ளதுபோல வேறெங்கும் இல்லை. தோவாளை பூச்சந்தை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கிற காற்று, எல்லாம் எனக்கும் பிடிக்கும். நாகர்கோவில் வேலைக்கு அது வசதிதான். ஆனால் நீ தினமும் நகரத்தைக் குறுக்காகக் கடந்து கோட்டாறில் இருக்கிற ஜங்ஷனுக்கு வந்து ரயில் ஏற வேண்டும். கடற்கரையோரம் வேண்டாம், உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகூட நிற்காது. அம்மாவுக்கு மூட்டுவலி வேறு.

இரணியலுக்கும் தக்கலைக்கும் இடையில் ஒரு வீட்டைத் தரகர் காட்டினார். வாடகை குறைவு, முன்னால் பரந்த வயல், ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம். பார்த்ததும் உனக்காகவே கட்டியதுபோல இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். புது வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனால் சமையலறைச் சுவரில், காஸ் சிலிண்டருக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் மங்கலாக ஒரு கோடு ஓடியது. கதவின் அடிப்பலகை உப்பி, மூடும்போது தரையில் உரசியது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன். 2021 நவம்பர் மழையில் இரண்டு நாள் தண்ணீர் வீட்டுக்குள் நின்றதாம். வயலில் மண்ணடித்து உயர்த்திக் கட்டிய வீடு அது. தண்ணீருக்குத் தன் பழைய வழி தெரியுமல்லவா? நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியும் உண்டு, வடகிழக்குப் பருவமழையான துலா மழையும் உண்டு. இரண்டையும் பார்க்காமல் யாரும் வீட்டைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. அதனால்தான் இந்த மழையிலேயே நான் அலைந்து பார்க்கிறேன். நீ தையில் வந்து பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடாகவே தெரியும்.

இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். குமாரகோவில் பக்கம் பார்ப்போமா? புலியூர்க்குறிச்சியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வேளிமலை அடிவாரம். உனக்கு மலை வேண்டும் அல்லவா, ஜன்னலைத் திறந்தால் மலைதான். கோவில் குளம், சுற்றிலும் தென்னை, வாழை. மெயின் ரோட்டுக்கு வந்தால் தங்கச்சிக்கு நாகர்கோவில் பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். தக்கலையில் கடைகள், பள்ளிக்கூடங்கள். கொஞ்சம் தள்ளி நெய்யூர். 1838-இல் தொடங்கிய மிஷன் மருத்துவம் இன்னும் அங்கே நடக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் வெகுதூரம் இல்லை. உனக்கு மட்டும் இரணியல் ஸ்டேஷன் வரை ஸ்கூட்டரில் போக வேண்டும். அந்தக் கஷ்டத்தை நீ ஏற்றுக்கொள். வீட்டில் எல்லோருக்கும் நடுவாக அமைகிற இடம் இதைவிட எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கும் குமாரகோவில் முருகன் என்றால் உயிர் என்பது எனக்குத் தெரியும். நாம் கல்லூரியில் படிக்கும்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறிப் போவார்களே. இந்த நவராத்திரிக்கும் வழக்கம்போல வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், பத்மநாபபுரம் சரஸ்வதியும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளினார்கள். முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை, அப்புறம் திருவனந்தபுரம். நீ தினமும் போகப் போகிற அதே வழி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம், ஆனாலும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் சாமிக்கும் அந்தப் பாதை இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. அம்மாவிடம் குமாரகோவில் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார், என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுது.

இடம் வாங்குகிற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். ஒரு வருஷமாவது வாடகைக்கு இருங்கள். பிறகு வாங்கும்போது நஞ்சையா புஞ்சையா, பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா, மனைக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று எல்லாம் பார்ப்போம். மலையோரக் கிராமங்கள் பலவற்றில் 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் மலைப்பகுதிக் கட்டுப்பாடுகளும் உண்டு. கிரயத்துக்கும் கட்டடத்துக்கும் முன்அனுமதி கேட்பார்கள். பேச்சிப்பாறையில் சென்ட் விலை குறைவு என்று உன்னிடம் சொன்னவர் இதையும் சொன்னாரா?

இங்கே எல்லோரும் நலம். என் மகளுக்கு வைகாசியில் குழந்தை பிறந்தது, ஆண்குழந்தை. வீடே அவனைச் சுற்றித்தான் ஓடுகிறது. சுசீந்திரம் குளத்தில் பறவைகள் வரத் தொடங்கிவிட்டன. தேரூரையும் சேர்த்து 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் வந்த பிறகு பார்க்க வருகிற கூட்டம் கூடியிருக்கிறது. உன் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். நம் கணக்கு வாத்தியார் இன்னும் நடமாட்டத்தோடு இருக்கிறார், உன்னைக் கேட்டார்.

நீ தை பிறந்ததும் வேலையில் சேர வேண்டும், தங்கச்சியும் பிள்ளையும் அம்மாவும் பரீட்சை முடிந்து சித்திரையில்தான் வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதுவரை லாட்ஜ், மேன்ஷன் என்று எங்கும் போகாதே. எங்கள் மாடி அறை சும்மா கிடக்கிறது. இங்கே இருந்து என்னோடு ரயிலில் போய்வா. உடம்பு தாங்குகிறதா, எந்த வண்டி ஒத்துவருகிறது என்று உனக்கே தெரிந்துவிடும். குமாரகோவிலில் இரண்டு வீட்டுக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் கிணறு நல்ல கிணறு, இன்னொன்றில் திண்ணை உண்டு. அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை, அம்மா பார்த்த பிறகு கொடுப்போம். அனந்தபுரி எக்ஸ்பிரஸில் வந்தால் இரணியலிலேயே இறங்கு. டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். தங்கச்சியையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்