மரமேறும் பரண் குறித்து நண்பனுக்கு

கிராண்ட் ரேப்பிட்ஸ், மிச்சிகன்
ஆகஸ்ட் 17

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கை மீனாட்சியின் முழங்கால் வலி குறைந்து, காலை நடையை மீண்டும் தொடங்கியிருக்கிறாள் என்ற செய்தி எங்கள் இருவருக்கும் பெரிய ஆறுதலைத் தந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். நீ ஜார்ஜியாவுக்குக் குடிபெயர்ந்து, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, உரிமமும் வாங்கிவிட்டாய் என்பதை அறிந்து மனம் நிறைந்தது. நாம் வளர்ந்த ஊரில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே வழக்கத்தில் இல்லாமல் போனதால், நம்மைப் போன்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வீட்டில் பெரியவர்கள் இல்லை. ஆகவே, மான் வேட்டைக்கு மரத்தில் ஏறி உட்கார உதவும் கிளைம்பர் என்ற பரண்களில் எது வசதியாக இருக்கும் என்ற உன் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் இரண்டு கிளைம்பர்களில் உட்கார்ந்து பார்த்ததாகவும், இரண்டுமே சுகமாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறாய். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எந்த இருக்கையும் சுகமாகத்தான் இருக்கும். விடியலுக்கு முன்னரே ஏறி, உச்சிவேளை வரை அசையாமல் இருக்க வேண்டியவனுக்கு வேண்டிய சுகம் வேறு. வெண்வால் மான் நிறத்தைவிட அசைவையே விரைவாகக் கண்டுகொள்ளும். தொடை மரத்துப்போனவன் தன்னை அறியாமல் புரண்டு உட்காருவான். அந்தச் சிறு அசைவிலேயே, அவன் பார்க்காத பக்கத்தில் நின்ற மான் வாலை உயர்த்திக்கொண்டு ஓடிவிடும். அதைவிட முக்கியமாக, உணர்விழந்த கால்களோடு இருட்டில் இருபது அடி உயரத்திலிருந்து இறங்குவது உயிருக்கே ஆபத்தானது. எனவே வசதியை ஆடம்பரமாக எண்ணாதே. முதலில் வசதி, அடுத்து எடை, கடைசியில் விலை என்ற வரிசையில் பார்.

கிளைம்பரின் மேல் துண்டு இருக்கை, கீழ்த் துண்டு கால் வைக்கும் மேடை என்பதும், இரண்டையும் கம்பிவடமோ பட்டையோ மரத்தோடு சுற்றிப் பிடிக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். நம் ஊர்ப் பனையேறி காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு உடலை உந்தி ஏறுவதைப் போலத்தான் இதுவும்: உட்கார்ந்து கால்களால் மேடையைத் தூக்கு, எழுந்து நின்று இருக்கையைத் தூக்கு, மறுபடியும் உட்கார். உடலின் எடை அழுத்தும்போதுதான் பிடி இறுகும். இதனால்தான் இரண்டு துண்டுகளையும் ஒரு கயிற்றால் எப்போதும் இணைத்திருக்க வேண்டும்; காலிலிருந்து மேடை நழுவிக் கீழே போய்விட்டால், இருக்கையில் தனியாக மாட்டிக்கொள்வாய்.

இருக்கையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். தடித்த பஞ்சு மெத்தை வைத்த இருக்கை கடையில் மிகவும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மழையில் நனைந்தால் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சில பருவங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும். பட்டைகளில் தொங்கும் தூளி போன்ற இருக்கையையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அதன் உயரத்தையும் சாய்வையும் உன் கால் நீளத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலெழும்பி எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கும்; மிக உயரமாக இருந்தால் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பாதம் மேடையில் முழுமையாகப் பதிந்து, முழங்கால் இடுப்பின் மட்டத்திலோ அதற்குச் சிறிது கீழேயோ இருப்பதுதான் சரியான நிலை. நீ ஆறடிக்காரன் என்பதால் மேடையின் ஆழத்தையும் பார். குதிகால் முதல் விரல் வரை தாராளமாக வைத்து, எழுந்து நின்று திரும்ப இடம் வேண்டும். வேட்டையில் அணியப்போகும் அத்தனை உடைகளையும், கீழே விழாமல் உடலைப் பிடிக்கும் பட்டைகளாலான பாதுகாப்புக் கவசத்தையும் போட்டுக்கொண்டு, அரைமணி நேரமாவது உட்கார அனுமதிக்கும் கடையிலேயே வாங்கு. சட்டை மட்டும் அணிந்திருக்கும்போது அகலமாகத் தெரியும் இருக்கை, நவம்பர் மாதத்துத் தடித்த உடையில் இடுப்பை நெருக்கும். இங்கே மிச்சிகனில் நவம்பர் 15-ஆம் தேதி துப்பாக்கிப் பருவம், அதாவது துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம், தொடங்கும்போது பனி விழுவது சாதாரணம். உங்கள் பக்கம் குளிர் குறைவு என்றாலும் ஜனவரிக் காலையை நீ எளிதாக எண்ணிவிடாதே.

முன்பக்கத்தை மூடும் குறுக்குக் கம்பி வேண்டுமா என்பது உன் ஆயுதத்தைப் பொறுத்தது. துப்பாக்கியோடு போவதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் உறையிட்ட கம்பி சுற்றிலும் உள்ள வகையே உனக்கு ஏற்றது: ஏறும்போது கையூன்றவும், சுடும்போது துப்பாக்கியைத் தாங்கவும் அது உதவும். வில்லோடு போனால் அதே கம்பி வில்லின் கீழ்க்கையைத் தடுக்கும். வில் வேட்டைக்காரர்கள் திறந்த முன்பக்கம் உள்ளதைத் தேடுவார்கள். கைகளால் மட்டுமே உந்தி ஏறும் வகையும் இருக்கிறது. அது இலகுவானது, ஆனால் தோளிலும் புயத்திலும் வலு கேட்பது; நம் வயதில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடையில் அளவோடு ஆசைப்படு. சம்மிட் நிறுவனத்தின் வைப்பர் என்ற அலுமினியக் கிளைம்பர் சுமார் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. 300 பவுண்டு தாங்கும். உன்னைப் போல் பெரிய உடல்வாகு உள்ளவர்களுக்கு அதே நிறுவனத்தின் கோலியாத் 350 பவுண்டு தாங்கும், இருக்கையும் விரிவானது. அந்தத் தாங்கும் அளவில் உன் உடல் மட்டுமல்ல, உடை, துப்பாக்கி, பை எல்லாமே அடங்கும் என்பதை மறக்காதே. எஃகில் செய்தவை விலை மலிவு. ஆனால் ஒரு மைல் நடந்து போய்ச் சேரும்போது வியர்த்துவிடும், அந்த வியர்வையே பிறகு குளிராக மாறும். உடன் வரும் தோள்பட்டைகள் பெரும்பாலும் மெல்லியவை. அகலமான பட்டைகளைத் தனியாக வாங்கி மாட்டிவிடு. இந்தச் சிறு செலவு தரும் நிம்மதி மிகப் பெரியது. உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்களில் துணி நாடாவைச் சுற்றிவிட்டால் சத்தமும் அடங்கும்.

மரத்தைப் பொறுத்தவரை நீ கொடுத்துவைத்தவன். ஜார்ஜியாவின் லாப்லாலி பைன் நேராக, கீழ்க்கிளைகள் இல்லாமல் உயர்வது. கிளைம்பருக்கென்றே வளர்ந்தது என்று சொல்லலாம். அதன் பட்டை செதில் செதிலாக உதிரும், ஆதலால் மெதுவாக ஏறு. அடிமரத்தில், தொட்டால் தோலில் அரிப்பைத் தரும் பாய்ஸன் ஐவி கொடி படர்ந்திருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிடு. மேலே போகப் போக மரம் மெலிவதால், தொடங்கும்போது மேடையின் முன்விளிம்பைச் சற்று உயர்த்திக் கட்டினால்தான் உச்சியில் அது சமமாக நிற்கும்; முன்பக்கம் சரிந்த மேடையில் எவ்வளவு நல்ல இருக்கையும் வேதனையாகிவிடும். பட்டுப்போன மரத்தில் ஒருபோதும் ஏறாதே. 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு இங்குள்ள ஆஷ் மரங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டது. வெளியே உறுதியாகத் தெரியும் அவற்றின் தண்டு உள்ளே நொறுங்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, நான் கெஞ்சிக் கேட்கும் ஒன்று. பெட்டியோடு வரும் முழுவுடல் கவசம் தோளை உறுத்துகிறது என்பதற்காக அதை வீட்டில் வைத்துவிடாதே. உறுத்தினால் வசதியான வேறொன்றை வாங்கு. பரண் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கு. தரையை விட்டு ஏறும் கணத்திலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை அதன் கயிறு மரத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், நீ ஏற ஏற அதையும் மேலே நகர்த்திக்கொண்டே போக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கயிற்றில் தொய்வு இருக்கக் கூடாது. விழுந்து கவசத்தில் தொங்க நேர்ந்தால், தொடைப்பட்டைகள் இரத்த ஓட்டத்தைத் தடுத்துச் சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்; காலை ஊன்றி எடையைக் குறைப்பதற்கான பட்டையைக் கைக்கெட்டும் பையில் வைத்துக்கொள். துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி ஏறாதே. குண்டுகளை எடுத்துவிட்டு, மேலே போய் அமர்ந்த பிறகு கயிற்றால் இழுத்துக்கொள். எங்கே இருக்கிறாய், எப்போது இறங்குவாய் என்பதை மீனாட்சியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

உங்கள் மாநிலத்தில் துப்பாக்கிப் பருவம் அக்டோபரில் தொடங்குவதால், வாங்கியதும் முதலில் பகலில், மூன்றடி உயரத்திலேயே ஏறி இறங்கிப் பழகு. உடம்புக்கு அந்த அசைவு பழகிய பிறகு மட்டும் உயரத்தைக் கூட்டு. பருவத்தில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குல ஆரஞ்சு நிறம் அணிவது கட்டாயம் என்பதும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதைக் கவசத்துக்கு மேலே போட்டுக்கொள்ளும்படி பெரிய அளவில் வாங்கு.

முழு உடையோடும் துப்பாக்கியோடும் உன் எடை எவ்வளவு, உன் முழங்காலிலிருந்து குதிகால் வரை நீளம் எவ்வளவு, நீ போகும் காட்டில் மரங்களின் சுற்றளவு ஏறத்தாழ எவ்வளவு என்று மூன்றையும் அளந்து எழுது. கடையில் பார்த்த இரண்டில் எது உனக்குப் பொருந்தும் என்று அதன் பிறகு உறுதியாகச் சொல்கிறேன். அதுவரை வாங்காமல் பொறுத்திரு.

அன்புடன்,
கதிரேசன்