மாப்ளேக்கு, ஜெர்சி சிட்டியிலிருந்து

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. சரி, நீ கூடைப்பந்து பழக்குகிற பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தாயே, அவனுக்கு வருகிறேன். நாலு நாளாக அவன் நினைப்புத்தான்.

ஒன்பதாம் வகுப்பு, ஆள் குள்ளம், பந்து கைக்கு வந்தால் மொத்தக் கோர்ட்டும் அவன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கொடுத்த பந்தை யாராவது கோட்டைவிட்டால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றுவிடுகிறான், இவனை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். உனக்குக் கூடைப்பந்து ஆட்டக்காரர் பாபி ஹர்லியின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஹர்லி இந்த ஊர்க்காரர். நம்மவர்கள் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கப் போகும் நியூவார்க் அவென்யூவிலேயே டவுன்டவுன் பக்கம் இறங்கினால் ஒயிட் ஈகிள் ஹால் என்று ஒரு பழைய கட்டடம் வரும். இப்போது அங்கே இசைக் கச்சேரி நடக்கிறது. அன்றைக்கு அது பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடும் கூடம். ஹர்லி படித்த செயின்ட் ஆன்டனி பள்ளிக்குச் சொந்தமாக ஜிம் (உள்ளரங்கக் கோர்ட்) கிடையாது. பையன்கள் மேசை நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அந்தக் கூடத்தில்தான் பழகினார்கள். கோச் யார் தெரியுமா? ஹர்லியின் அப்பா பாப் ஹர்லி. நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலர் வேலை, மாலையில் கோச்சிங். 1989இல் மகன் கடைசி வருஷம் படித்தபோது அந்த அணி 32 ஆட்டம் ஆடி 32லும் ஜெயித்தது. ஜிம் இல்லாத பள்ளி, நாட்டிலேயே முதலிடம். அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் நம் பள்ளியின் மண் கோர்ட்டும், நீ விசிலுக்கு முன்னால் சரளைக் கல்லைப் பொறுக்கி எறிவதும் ஞாபகத்துக்கு வரும்.

அந்த வருஷமே மகன் ஹர்லி டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆறடி உயரம். அமெரிக்கக் கல்லூரிக் கோர்ட்டில் அது குள்ளம்தான். வந்த முதல் வருஷமே பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற பொறுப்பு அவரிடம். அணி 1990 ஏப்ரலில் டென்வரில் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே நெவாடா லாஸ் வேகஸ் அணியிடம் 103–73 என்று தோற்றார்கள். முப்பது புள்ளி வித்தியாசம்! ஹர்லிக்கு வயிறு சரியில்லை, நடு ஆட்டத்தில் உடைமாற்றும் அறைக்கு ஓட வேண்டியிருந்தது. எடுத்தது 2 புள்ளி.

உன் பையனுக்கான பாடம் இதற்கு அடுத்தது. உன் பையனிடம் இருக்கிற அதே வியாதி ஹர்லியிடமும் இருந்தது. தவறு நடந்தால் முகம் சுருங்கும், கை விரியும், நடுவரைப் பார்த்து முறைப்பார். கோச் மைக் ஷஷெஃப்ஸ்கி ஆட்ட வீடியோக்களிலிருந்து ஹர்லியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துத் தொகுக்கச் சொன்னார். அதில் பாஸும் இல்லை, ஷாட்டும் இல்லை, வெறும் முகம்தான். அவரை உட்காரவைத்து அதைப் போட்டுக் காட்டினார். பந்தைக் கொண்டுவருகிறவன் முகத்தைத்தானே மற்ற நாலு பேரும் பார்க்கிறார்கள்? அவன் முகம் செத்துப்போனால் அந்த நாலு பேரின் காலும் செத்துப்போகும்.

அடுத்த வருஷம் இண்டியானாபோலிஸில் அரையிறுதி. எதிரே அதே லாஸ் வேகஸ் அணி. 45 ஆட்டமாகத் தோற்காத அணி. முடிய இரண்டரை நிமிஷம்கூட இல்லை, டியூக் 76–71 என்று பின்தங்கியிருக்கிறது. போன வருஷத்து ஹர்லியாக இருந்தால் முகத்தைத் தூக்கியிருப்பார். அன்றைக்குப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார், தயங்கவில்லை, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எய்தார். 76–74. அதுதான் டியூக்குக்கு உயிர் கொடுத்தது. 79–77 என்று ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் கான்சஸையும் வென்றார்கள். அந்த ஒரு ஷாட்டின் வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

1992இலும் சாம்பியன் பட்டம். நடுவில் ஒரு ஆட்டத்தில் தம்பி டேன் ஹர்லி எதிரணியில் நின்றார். அண்ணன் அன்று தடுமாறித்தான் போனார், ஆனால் அணி ஜெயித்தது. முடிவில் மிச்சிகனை 71–51 என்று வீழ்த்தியபோது கடைசிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஹர்லி. அந்தக் கோடையில் ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த ட்ரீம் டீமோடு, அதாவது தொழில்முறை நட்சத்திரங்கள் நிறைந்த அமெரிக்க அணியோடு, கல்லூரிப் பையன்கள் பயிற்சி ஆட்டம் ஆடி ஜெயித்தார்கள். ஜோர்டானும் மேஜிக்கும் இருந்த அணியின் டிஃபென்ஸைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தவர்களில் இந்த ஆறடிக்காரரும் ஒருவர்.

நாலு வருஷக் கல்லூரி ஆட்டத்தில் 1,076 அஸிஸ்ட். முப்பது வருஷத்துக்கும் மேலாக யாரும் தொடாத சாதனையாக இருந்தது. யோசித்துப் பார், மாப்ளே: நீ எவ்வளவு அழகாகப் பாஸ் கொடுத்தாலும் வாங்கினவன் கூடையில் போட்டால்தான் அது அஸிஸ்ட். 1,076 தடவை வேறொருவன் கை தவறாமல் இருந்திருக்கிறது. உன் பையனிடம் இதைக் கட்டாயம் சொல்.

அப்புறம் நடந்தது கஷ்டமான விஷயம். 1993இல் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் புது ஆட்டக்காரர் தேர்வில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணி அவரை ஏழாவது ஆளாக எடுத்தது. முதல் சீசன், 19 ஆட்டம் முடிந்திருந்தது. டிசம்பர் 12 இரவு ஆட்டம் முடிந்து வண்டியில் வீடு திரும்பும்போது, விளக்குப் போடாமல் வந்த கார் மோதியது. சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. வெளியே தூக்கியெறியப்பட்டு வாய்க்காலில் போய் விழுந்தார். மூச்சுக்குழாய் இடது நுரையீரலிலிருந்து அறுந்திருந்தது. எட்டு மணி நேர அறுவை சிகிச்சை. பிழைத்ததே பெரிசு. (நீ ஹெல்மெட் இல்லாமல் இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு டோர்னமென்ட்டுக்குப் போகிற வழக்கத்தை விட்டுவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.)

அடுத்த சீசனிலேயே கோர்ட்டுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. 1998க்குப் பிறகு என்பிஏவில் ஆடவில்லை. கொஞ்ச காலம் பந்தயக் குதிரை வளர்த்தார். பிறகு தம்பிக்கு உதவிக் கோச்சாகப் போனார். 2013இல் பஃபலோ பல்கலைக்கழக அணிக்குத் தலைமைக் கோச் ஆனார். அந்தப் பல்கலைக்கழகம் தேசியப் போட்டிக்குள் நுழைந்ததே இல்லை, 2015இல் நுழைய வைத்தார். அதே வருஷம் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அப்பா பாப் ஹர்லி 2010இலேயே கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்துவிட்டார். செயின்ட் ஆன்டனி பள்ளியைத்தான் 2017இல் பணமில்லாமல் மூடிவிட்டார்கள். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். உன் கையில்தான் போன் இருக்கிறதே. அடுத்த ஆட்டத்தில் பந்தை எடுக்காதே, பையன் முகத்தை மட்டும் வீடியோ எடு. எல்லார் முன்னாலும் காட்டாதே, தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்துக் காட்டு. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

ஜனவரியில் இங்கிருந்து ஒருவர் ஊருக்கு வருகிறார், பெட்டியில் இடம் இருக்கிறதாம். பையனுடைய ஷூ சைஸ் எழுது. கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு அளந்து எழுது, வளர்கிற கால்.

அன்புடன்,
உன் பழைய சென்டர் ஆட்டக்காரன்